சேற்றுப்புண் சொன்ன சாட்சி
மலையகத்தில் நோயும் மருந்தும் – 9

1916இல் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியதைச் சென்ற இதழில் பார்த்தோம். ராக்ஃபெல்லர் அறக்கட்டளை பணமும் மருத்துவர்களும் தந்தது. இலங்கை அரசாங்கமும் தோட்டத்துரைமார் சங்கமும் கூடச் சேர்ந்தன. நுண்ணோக்கியில் பார்த்தபோது பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது, சில மாதங்களில் மறுபடியும் ஏறியது. இந்தத் தோல்விக்கு அன்றிலிருந்து இன்றுவரை இரண்டு சமாதானங்கள் சொல்லப்பட்டு வருகின்றன. ஒன்று, தோட்டத்துக்கு வந்த ஆட்களின் உடம்பிலேயே எதிர்க்கும் வலு இல்லை என்பது. மற்றது, அவர்களுடைய பழக்கவழக்கம் சரியில்லை என்பது. இரண்டாவதைப் பிறகு பார்க்கலாம். முதலாவதுதான் கூடுதலாக நிலைத்துவிட்டது. மலையக மக்களைப் பற்றிப் பரிவோடு எழுதியவர்கள்கூட ‘நலிந்த உடம்பு’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்த வரியைத்தான் இந்த இதழில் விசாரிக்க வேண்டியிருக்கிறது. புழு உடம்பில் ஏறும்போது உடம்பு என்ன செய்தது என்று நுணுகிப் பார்த்தால், அது செய்யக்கூடிய அத்தனையையும் செய்தது தெரியும். செய்ததற்கான தடயத்தையும் எல்லோரும் பார்க்கும் இடத்தில், கால் விரலிடுக்கில், விட்டுவைத்தது.

மழைக்காலத்தில் தோட்டத்து ஆட்களின் கால் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண் புதிய செய்தி இல்லை. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் டிக்கோயா, மஸ்கெலியா பக்கம் மண் காய்வதே கிடையாது. வெறுங்காலோடு கான் வெட்டுகிறவர்களுக்கும், முள்ளுக் குத்துகிறவர்களுக்கும், படங்கு கட்டிக்கொண்டு கொழுந்து நிரையில் ஏறி இறங்கும் பெண்களுக்கும் விரலிடுக்கு முதலில் அரிக்கும். பிறகு சிவந்து தடிக்கும், சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் போடும், சொறிந்தால் சீழ் பிடிக்கும். எல்லாச் சேற்றுப்புண்ணுக்கும் ஒரே காரணம் இல்லை. பூஞ்சையாலும் வரும், நாள்பூராக ஈரத்தில் ஊறியும் வரும். ஆனால் ஒரு வகைப் புண்ணுக்கு வேறொரு காரணம் உண்டு. அதைக் கண்டு சொன்னவரும் ஒரு தேயிலைத் தோட்டத்து மருத்துவர்தான். அசாமில் வேலை பார்த்த சார்ல்ஸ் பென்ட்லி அங்கே ‘பானி காவ்’ என்று அழைக்கப்பட்ட இதே புண்ணை ஆராய்ந்து 1902இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். கொக்கிப்புழுவின் குஞ்சுகள் இருக்கும் மண்ணைத் தோலில் வைத்துக் கட்டினால் புண் வந்தது, அவை இல்லாத மண்ணை வைத்தால் வரவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது புழுக்குஞ்சு நிறைந்த நீர் தற்செயலாகக் கையில் சிந்தியது. தோல் எரிந்து சிவந்தது. பிறகு அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழு முட்டை தெரிந்தது. புழு வாய்வழியாகத்தான் உள்ளே போகிறது என்ற அதுவரை இருந்த நம்பிக்கை அத்தோடு ஆட்டம் கண்டது. ஆக, மாத்தளையில் வேலை தொடங்குவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு தேயிலைத் தோட்டத்து மருத்துவரின் கைப்பட, விரலிடுக்குப் புண்ணுக்கும் சோகைக்கும் உள்ள உறவு அச்சில் வந்துவிட்டது.

அந்தச் சிவப்பும் தடிப்பும் சூடும் வலியும்தான் அழற்சி. ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் இந்த நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக எழுதிவைத்தார். நெடுங்காலம் மருத்துவர்கள் இதை நோயின் கேடாகவே நினைத்தார்கள்; தணிக்க வேண்டிய ஒன்று, அவ்வளவுதான். 1867இல் யூலியஸ் கோன்ஹைம் தவளையின் மெல்லிய சவ்வை நுண்ணோக்கியில் வைத்து, காயம்பட்ட இடத்தில் வெண்குழியங்கள் குருதிக்குழாயின் சுவரை ஊடுருவி வெளியே வருவதைக் காட்டினார். அவை எதற்காக வருகின்றன என்ற கேள்விக்கு 1882இல் சிசிலித் தீவின் மெசினா நகரத்தில் விடை கிடைத்தது. எலி மெச்னிகோஃப் என்ற ரஷ்ய விலங்கியலாளர், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் கடல் நட்சத்திரக் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி நடமாடும் கலங்கள் மொய்த்திருந்தன. குருதிக்குழாயும் நரம்பும் இல்லாத அந்தச் சின்ன உயிரியிலும் அந்நியப் பொருளை வளைத்துக்கொள்ளும் கலங்கள் இருந்ததால், சிவப்பும் சூடும் மேலோட்டமானவை, உள்ளே நடக்கும் காரியம் விழுங்குவதுதான் என்று அவர் முடிவுகட்டினார். நீர்த்தெள்ளுகளின் உடம்பில் பூஞ்சை வித்துகளை இந்தக் கலங்கள் தின்பதையும் 1884இல் காட்டினார். இவைதான் தின்குழியங்கள். பால் ஏர்லிக்கோடு 1908ஆம் ஆண்டின் நோபல் பரிசை அவர் பகிர்ந்துகொண்டது இந்த வேலைக்காகத்தான்.

இனி விரலிடுக்குக்கு வருவோம். ஈர மண்ணில் அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் காத்திருக்கும் புழுக்குஞ்சு, வெறுங்கால் பட்டதும் மயிர்க்கால் வழியாகவோ தோல் வெடிப்பு வழியாகவோ புரதங்களைக் கரைக்கும் நொதிகளைக் கக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறது. தோலடியில் குடியிருக்கும் மாஸ்ட் கலங்கள் ஹிஸ்டமினை விடுவிக்கின்றன. அரிப்பு அதனால்தான். நுண்குருதிக்குழாய்கள் விரிகின்றன; சிவப்பும் சூடும் அதனால். குழாய்ச்சுவரில் இடைவெளி விழுந்து நீர் கசிகிறது, தடிப்பு அதனால். அதே நேரம் குழாயின் உட்சுவர் பசைபோன்ற மூலக்கூறுகளை வெளியே நீட்டுகிறது. குருதியோடு வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் நியூட்ரோபில்கள் அதில் பட்டு வேகம் குறைந்து உருளும், பிறகு இறுகப் பற்றி நிற்கும், பிறகு இரண்டு சுவர்க்கலங்களின் இடுக்கில் உடலை நெளித்து வெளியே வந்து வேதிச் சமிக்ஞை செறிவாக இருக்கும் பக்கம் நகரும். யாரும் கற்றுக்கொடுக்காமலே இது நடக்கும். முன்பு அந்தக் கிருமியைச் சந்தித்திருக்க வேண்டியதும் இல்லை. நுண்ணுயிர்களுக்குப் பொதுவான சில அமைப்புகளை அடையாளம் காணும் ஏற்பிகள் பிறப்பிலேயே இந்தக் கலங்களில் இருக்கின்றன. வந்த இடத்தில் பாக்டீரியா இருந்தால் நியூட்ரோபில் அதைச் சவ்வால் வளைத்து உள்ளிழுத்து, ஒரு பையில் அடைத்து, ஒட்சிசனிலிருந்து உண்டாக்கும் நச்சுகளாலும் நொதிகளாலும் கொல்கிறது. ஒரு நாள், இரண்டு நாள் வேலை செய்து அதுவும் செத்துப்போகிறது. அந்தப் பிணங்களின் திரட்டுதான் சீழ். துப்புரவு வேலைக்குப் பெருந்தின்குழியங்கள் வரும். அவை பிணங்களைத் தின்று, தசை மறுபடி வளர்வதற்கான சமிக்ஞைகளையும் தரும்.

ஆனால் உள்ளே நுழைந்தது பாக்டீரியா இல்லை. நியூட்ரோபிலின் விட்டம் ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் கூடுதல். புழுக்குஞ்சு அதைப்போல் நாற்பது ஐம்பது மடங்கு நீளம். விழுங்க வாய்ப்பே இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் தின்குழியம் உள்ளுக்குள் பையில் ஊற்ற வேண்டிய நச்சை வெளியே ஊற்றுகிறது. புழுவுக்குப் படுவதில் பாதி நம் சொந்தத் தோலுக்கும் படும். கொப்புளம் என்பது பெருமளவுக்கு உடம்பு தன்னையே சுட்டுக்கொண்ட தழும்பு. இந்த வகை எதிரிக்கென்று உடம்பில் இன்னொரு கலமும் உண்டு. ஏர்லிக் 1879இல் ஈயோசின் சாயத்தில் செக்கச்செவேல் என்று தெரியக் கண்டதால் பெயர்பெற்ற ஈசினோபில் அது. புழுவின் மேலேறி ஒட்டிக்கொண்டு தன் துணிக்கைகளைக் கொட்டும். அவற்றின் புரதம் புழுவின் தோலை அரிக்கும். சாதாரணமாக 100 வெண்குழியங்களில் 1 முதல் 4 வரைதான் ஈசினோபில்கள் இருக்கும். புழுக்குஞ்சு ஏறிய சில வாரங்களில் அது 20, 30 என்று ஏறுவதுண்டு. குஞ்சுகளில் எத்தனையோ தோலிலும் நுரையீரலிலும் சாகின்றன. சோகை வந்த ஒரு தொழிலாளியின் குடலில் இருக்கும் புழுக்கள், நுழைந்தவற்றில் தப்பியவை மட்டுமே. நலிந்த உடம்பு என்று எழுதியவர்கள் தப்பியவற்றை எண்ணினார்கள்; மாண்டவற்றை எண்ண அவர்களிடம் வழி இல்லை.

தப்பிய புழு குருதியோடு நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழாயில் ஏறி, தொண்டையில் விழுங்கப்பட்டு, சிறுகுடலை அடைந்து கடித்துக்கொள்கிறது. அங்கேதான் வரலாற்றாசிரியர்களைக் குழப்பிய அமைதி தொடங்குகிறது. ஒரு சென்டிமீற்றர் நீளப் பிராணி குடற்சுவரைக் கவ்விக்கொண்டு வருடக்கணக்காகக் குருதி குடிக்கிறது. பெரும்பாலும் காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, கடும் வலி இல்லை. மழைக்கால மலையில் அட்டை கடித்தால் அது வயிறு நிறைந்ததும் விழுந்துவிடும், கடித்த இடமும் தெரியும். இந்தப் புழு விழுவதும் இல்லை, தெரிவதும் இல்லை. உடம்பு சும்மா இருந்துவிட்டது என்று இதைப் படிக்கக் கூடாது. நாய்களைப் பீடிக்கும் கொக்கிப்புழுவிலிருந்து 1994இல் பிரித்தெடுக்கப்பட்ட ஒரு புரதம், நியூட்ரோபில் குழாய்ச்சுவரை இறுகப் பற்றும் அந்தப் பிடியிலேயே போய் அடைத்துக்கொள்கிறது. பற்ற முடியாத நியூட்ரோபில் குருதியோடு போய்விடும். மனித நியூட்ரோபில் மேலும் அது வேலை செய்வதால், மூளையில் குருதி அடைத்த நோயாளிகளுக்கு அழற்சியைக் குறைக்க அதை மருந்தாகவே சோதித்துப் பார்த்தார்கள். 2003இல் வெளியான முடிவு, பயனில்லை என்றது. மருந்தாகத் தோற்றாலும் ஒரு விஷயம் உறுதியானது: அழற்சியை அடக்கும் சரக்கைப் புழுவே தயாரித்து வைத்திருக்கிறது. குருதி உறையாமல் தடுக்கும் பொருள்களும் அதனிடம் உண்டு. குடலில் நிலவும் அமைதி, வாய் பொத்தப்பட்டவரின் அமைதி.

உடம்பின் வலு இனத்துக்கு இனம் வேறு என்பார்கள். அக்காலத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வேலை செய்த சார்ல்ஸ் ஸ்டைல்ஸ் உள்ளிட்டோர், கறுப்பின மக்களுக்குக் கொக்கிப்புழுவைத் தாங்கும் இயல்பு கூடுதல் என்று கருதினார்கள். இந்த எண்ணம் எந்தப் பக்கமும் திரும்பும்: ஒரு கூட்டத்தைத் தாங்கும் உடம்பு என்று சொல்லி மருந்தில் பின்தள்ளலாம், இன்னொன்றை நலிந்த உடம்பு என்று சொல்லிப் பழியை அங்கேயே இறக்கலாம். இங்கிலாந்தின் கோர்ன்வால் சுரங்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1902இல் டோல்கோத் வெள்ளீயச் சுரங்கத்தில் வெளிறிப்போன தொழிலாளர்களைப் பரிசோதித்த ஜே. எஸ். ஹால்டேன் அது கொக்கிப்புழுதான் என்று கண்டார். அவரோடு சேர்ந்து வேலை செய்த பொய்கொட் குருதியை எண்ணிப் பார்த்தபோது ஈசினோபில்கள் ஏறியிருந்தன. அந்தச் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் தோலில் அரிக்கும் தடிப்பு வந்தது, அதற்கு அவர்களிடம் ஒரு வழக்குப் பெயரும் இருந்தது. அதற்கும் முன்னால், 1880இல், ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த கோத்தார்டு சுரங்கப்பாதையின் இத்தாலியத் தொழிலாளர்களிடம் பெரோன்சித்தோ இதே நோயைக் கண்டிருந்தார். கோர்ன்வால்காரர், இத்தாலியர், இராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்தவர் என்று மூவருக்கும் பொதுவாக இருந்தவை கதகதப்பான ஈர மண், மலம் கழிக்க ஒதுக்கிய இடம் இல்லாமை, வேலை செய்யும் இடமே மலம் கிடக்கும் இடமாக இருந்தமை. தோலும் குருதியும் ஒரே மாதிரிப் பதில் சொல்லியிருக்கின்றன.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. புழு இருப்பது வேறு, புழுநோய் வேறு. 1923இல் நோர்மன் ஸ்டோல் மலத்தில் முட்டைகளை எண்ணிப் புழுச்சுமையை மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தார். அந்தப் பத்தாண்டிலேயே கல்கத்தாவில் வேலை செய்த ஆசா சாண்ட்லர், இந்தியாவில் பலரிடம் புழு இருந்தாலும் சுமை இலேசானது, நோயென்று சொல்ல முடியாது என்று வாதிட்டார். இது நியாயமான எச்சரிக்கைதான். பத்துக்கு ஒன்பது பேர் என்ற எண்ணை மட்டும் வைத்து ஒப்பாரி வைப்பது வரலாறு ஆகாது. ஆனால் சுமை இலேசா கனமா என்பது சாப்பாட்டையும் சேர்த்துத்தான் தீரும். இங்கே பெரும்பான்மையான நெக்கேட்டர் இனப் புழு ஒன்று நாளொன்றுக்கு 0.03 மில்லிலீற்றர் அளவில் குருதியை வீணாக்குகிறது. 100 புழுவுக்கு 3 மில்லிலீற்றர். அதில் இரும்புச்சத்து சுமார் 1.5 மில்லிகிராம், கொஞ்சம் குடலில் திரும்ப உறிஞ்சப்படும், மீதி போய்விடும். ஒருவர் நாள் முழுக்கச் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து உடம்பு ஏற்கும் இரும்பே 1 முதல் 2 மில்லிகிராம்தான். அரிசிச் சோறும் கொஞ்சம் கறியும், கூடவே சாயத் தண்ணியும் என்றால் அதுவும் குறையும். தேயிலையின் தனின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது இந்தக் கதையில் யாரும் திட்டமிடாத குரூரம். மாதவிலக்கும் பிள்ளைப்பேறும் உள்ள ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு, கல்கத்தாக் கணக்கின் ‘இலேசான’ சுமை இலேசாக இருக்காது.

நுவரெலியா ஆட்கள் கேட்கக்கூடிய கேள்வி வேறு: எங்கள் குளிரில் இந்தப் புழு எப்படி? கேள்வி சரி. முட்டை பொரித்துக் குஞ்சு வளர 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம் உகந்தது. 1,800 மீற்றருக்கு மேலே அந்த வெப்பம் மண்ணுக்கு அரிதாகத்தான் கிடைக்கும். உயரத் தோட்டங்களில் புதிதாகத் தொற்றுவது குறைவு. அங்கே வட்டப்புழுவே இன்றைக்கும் பெரிய தொல்லை. ஆனால் நெக்கேட்டர் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். ஊரிலேயே ஏறிய புழுவோடு, மாத்தளை வழியாக நடந்து, கங்காணியின் பின்னே மலையேறியவர்கள் புழுவையும் கொண்டுபோனார்கள். கீழ்த்தோட்டத்திலிருந்து மேல்தோட்டத்துக்கு மாறியவர்களும் அப்படித்தான். ஹட்டனைப் போல் 1,200 மீற்றர் அளவில் இருக்கும் இடங்கள் இரண்டுக்கும் நடுவே. உயரத்தைப் பொறுத்துப் புழு குறைவது என் வாதத்துக்கு எதிராகப் போகவில்லை. ஆட்கள் ஒரே ஊர்க்காரர்கள், மண்தான் வேறு. உடம்பே காரணமாக இருந்திருந்தால் குளிருக்கு என்ன வேலை?

இப்போது ஒரு புதுப் பேச்சும் கிளம்பியிருக்கிறது. புழு அழற்சியை அடக்குவதால், ஒவ்வாமையும் தன்னெதிர்ப்பு நோய்களும் உள்ளவர்களுக்கு அது நல்லதுதானே என்பது அது. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் டேவிட் பிரிச்சார்ட் என்ற ஆய்வாளர் தன் தோலிலேயே புழுக்குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு இந்த ஆய்வைத் தொடங்கினார். ஆய்வு மதிக்கத்தக்கது. ஆனால் வயிறார உண்ணும் ஒருவர் எண்ணிப் பத்துக் குஞ்சை ஏற்றிக்கொள்வதற்கும் லயத்து வாசலில் எண்ணாமல் ஏறுவதற்கும் உறவு தேட வேண்டியதில்லை.

கடைசியாகப் பழக்கவழக்கம். கக்கூஸ் கட்டிக்கொடுத்தாலும் போக மாட்டார்கள் என்ற புகார் அன்றைக்கும் இருந்தது, முழுப்பொய்யும் இல்லை. ஆனால் எங்கே கட்டினார்கள், எத்தனை கட்டினார்கள், யார் கழுவினார்கள் என்று கேட்காமல் அந்தப் புகாருக்குப் பொருள் கிடையாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களை முதுகோடு முதுகாக ஒட்டிய இரட்டை லயத்தில் பல குடும்பங்கள். பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்தபின் மாலைவரை வேலை மலைச்சரிவில். கட்டியது லயத்தின் பக்கத்தில். வயிறு கலக்குவது மலையில். பறிப்பை விட்டுவிட்டுக் கீழே இறங்கி ஏறினால் கொழுந்தின் நிறை குறையும். நிரைக்கு நடுவே ஒதுங்கும் இடமும் மறுநாள் வெறுங்கால் படும் இடமும் ஒன்றாகிவிடுவது இப்படித்தான். புழுமருந்தான கெனோபோடியம் எண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவினால் ஒரு நாள் வேலை போகிறதென்று துரைமார் முணுமுணுத்ததும், கக்கூஸ் செலவைத் தள்ளிப்போட்டதும் ராக்ஃபெல்லர் மருத்துவர்களையே சலிக்கவைத்தன; மலச்சுத்தம் இல்லாமல் மருந்து மட்டும் கொடுப்பது வீண் என்று அவர்களே சொல்லவேண்டி வந்தது. பின்னால் வந்த அறிவை வைத்து முன்னால் இருந்தவர்களைப் பழிக்கலாமா என்று கேட்கலாம். நியூட்ரோபிலை அடைக்கும் புரதம் அவர்களுக்குத் தெரியாது, சரி. இலங்கையின் ‘பெரிபெரி’ என்று வழங்கிய சோகைக்குக் கொக்கிப்புழுவோடு உறவு உண்டென்று தலைமை மருத்துவ அதிகாரி கின்சியின் அறிக்கை 1887இலேயே பேசியது. பென்ட்லியின் கட்டுரை 1902. மருந்து குடித்தவருக்குச் சில மாதத்தில் மறுபடி புழு ஏறுகிறது என்பது அவர்களுடைய சொந்தப் பதிவேட்டிலேயே இருந்தது. முதல் தொற்றை வென்றவருக்கு அம்மை மறுபடி வராதது போன்ற காப்பு இந்தப் புழுவுக்கு எதிராக உண்டாவதில்லை என்று முடிவுகட்ட அந்தப் பதிவேடு போதும், நுண்ணோக்கி வேண்டாம்.

முடிவுகட்டியும் மருந்தை மாற்றிப் பார்க்கும் வழியைத்தான் முதலில் தேடினார்கள். 1921இல் அமெரிக்க விலங்கு மருத்துவ ஆய்வாளர் மோரிஸ் ஹால், கார்பன் டெட்ராகுளோரைடு கொக்கிப்புழுவை விழவைக்கும் என்று அறிவித்தார். மலிவு, ஒரே வேளை போதும். ஈரலைக் கெடுக்குமோ என்ற சந்தேகம் மட்டும் இருந்தது. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள இலங்கையில் யாருடைய ஈரலைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.